வேலை மலையில், வாக்கு அடிவாரத்தில்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் நாளிதழ்களின் நடுப்பக்கத்தில் ஒரு சூத்திரம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: வேலையின்மை கூடினால் ஆளுங்கட்சி தோற்கும், குறைந்தால் ஜெயிக்கும். நம் தோழர்களும் இதை அப்படியே நம்புகிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சுட்டி இரண்டு துண்டறிக்கை போட்டால் ஆட்சியின் அஸ்திவாரம் ஆடிவிடும் என்கிற எண்ணம் இடதுசாரி மேடைகளில் வெகுகாலமாகக் குடியிருக்கிறது. இந்தச் சூத்திரம் யாருடைய அனுபவத்திலிருந்து வடிக்கப்பட்டது, போடிநாயக்கனூர் மாதிரியான ஓர் ஊருக்கு வந்து சேரும்போது அது என்னவாகிறது என்பதுதான் இங்கு கேள்வி.

சூத்திரம் பிறந்த இடம் அமெரிக்க அதிபர் தேர்தல். பதவியிலிருக்கும் அதிபர் இரண்டாம் தடவை நிற்கிறபோது வேலையின்மை வீதத்தை வைத்து அவருக்கு ஜாதகம் கணிப்பது அங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. 1980 நவம்பரில் கார்ட்டர் தோற்றபோது வீதம் 7.5. 1984 நவம்பரில் ரீகன் 50 மாநிலங்களில் 49ஐ அள்ளியபோது 7.2. 1992இல் மூத்த புஷ் தோற்றபோது 7.4. ஏறத்தாழ ஒரே எண். தீர்ப்பு மட்டும் வேறுவேறு. அளவு முக்கியமில்லை, போக்குதான் முக்கியம் என்று உடனே திருத்தம் வந்தது. ரீகனின் எண் 1982 கடைசியில் இருந்த 10.8இலிருந்து இறங்கி வந்த எண், புஷ்ஷினுடையது ஏறிப்போன எண். 1936இல் உழைப்பாளரில் ஆறில் ஒருவருக்கு வேலை இல்லாத நிலையிலும் ரூஸ்வெல்ட் இரண்டே மாநிலங்கள் தவிர மற்றதையெல்லாம் வென்றதற்கும் இதே விளக்கம். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 2024இல் வீதம் வெறும் 4ஐ ஒட்டி இருந்தும் ஆளுங்கட்சி தோற்றதே? அதற்கு விலைவாசி என்று இன்னொரு திருத்தம். உண்மையில் இவ்வகை ஆய்வுகளுக்கெல்லாம் அடிக்கல் நாட்டிய ஜெரால்டு கிராமர் 1971இலேயே சொன்னது, வாக்கை நகர்த்துவது மக்களின் உண்மை வருமானம், வேலையின்மைக்கென்று தனியாகப் பெரிய விளைவில்லை என்பதுதான். ஆக, பிறந்த வீட்டிலேயே நொண்டிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் நாம் தோளில் சுமந்து கொண்டுவந்திருக்கிறோம்.

நொண்டினாலும் அங்கே அது ஊன்றி நிற்க ஒரு தரை இருந்தது. ஒருவர் வேலையில் இருக்கிறார் அல்லது இல்லை என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிட முடியும். எண் மாதாமாதம் வருகிறது, பெரும்பாலானவர்கள் அதை நம்பினார்கள். (2025 ஆகஸ்டில் எண் பிடிக்காமல் அதை வெளியிடும் துறையின் ஆணையரையே ட்ரம்ப் வீட்டுக்கு அனுப்பியதோடு அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது, அது தனிக் கதை.) எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை பறிபோகும் இடமும் வாக்குப் போடும் இடமும் அதே அதிபரின் ஆட்சிக்குக் கீழ்தான் இருக்கின்றன. நம்மிடம் இதில் ஒன்றுகூட உருப்படியாகக் கிடையாது.

2017-18க்கான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இந்தியாவின் வேலையின்மை வீதத்தை 6.1 என்றது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் இல்லாத உயரம் என்று பத்திரிகைகள் எழுதின. அறிக்கை வெளியிடப்படாமல் கிடப்பதை எதிர்த்து தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். எண் கசிந்தது, நாடே பேசியது. தேர்தலில் பாஜக 303 இடங்களோடு திரும்பி வந்தது. மோடி பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அறிக்கை சாவகாசமாக வெளியானது. 2022-23க்கான வீதமோ 3.2, ஏறக்குறைய பாதி. சூத்திரத்தை நம்பினால் 2024இல் இடங்கள் கூடியிருக்க வேண்டும்; கிடைத்தது 240. அந்தத் தேர்தலுக்கு முன் சிஎஸ்டிஎஸ்-லோக்நிதி நடத்திய கணிப்பில், உங்கள் முதல் பிரச்சினை எது என்ற கேள்விக்கு அதிகம் பேர், 27 சதவீதம், சொன்ன பதில் வேலையின்மை. எண் இறங்குகிறது, கவலை ஏறுகிறது. அப்படியானால் இந்த எண் எதைத்தான் அளக்கிறது?

ஒருவர் கடந்த 365 நாட்களில் 30 நாள் ஏதோ ஒரு வேலை பார்த்திருந்தால் போதும், இந்தக் கணக்கெடுப்பின் 'வழக்கமான நிலை' என்கிற அளவுகோல்படி அவர் துணை வேலையில் இருப்பவராகி, வேலையுள்ளவர் பட்டியலில் ஏறிவிடுவார். வாராந்திர அளவுகோல் இன்னும் தாராளம். ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் போதும். சம்பளமே இல்லாமல் வீட்டு நிலத்தில், வீட்டுக் கடையில் கூடமாட நின்றாலும் வேலைதான். 2017-18க்கும் 2022-23க்கும் நடுவில் இப்படிச் சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுகிறவர்களின் பங்கு 13.6 சதவீதத்திலிருந்து 18.3 ஆக ஏறியது. திருப்பூரில் வேலை போய் ஊருக்குத் திரும்பி அப்பன் காட்டில் களை வெட்டுகிறவன், தனக்கே தெரியாமல் நாட்டின் வேலையின்மையைக் குறைத்துக்கொண்டிருக்கிறான். மூலதனத்தின் முதல் தொகுதியில் மார்க்ஸ் உபரி மக்கள்தொகையை மிதப்பது, உள்ளுறைந்திருப்பது, தேங்கிக்கிடப்பது என்று பிரித்தார். முதல் வகையை மட்டும் எண்ணிவிட்டு மற்ற இரண்டையும் வேலையுள்ளவர் கணக்கில் எழுதிக்கொள்கிற ஏற்பாடு இது.

இனி போடிக்கு வருவோம். விடிகாலையில் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன, சாயங்காலம் இறங்குகின்றன. ஏறுகிறவர்களில் பெண்களே அதிகம். ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரைக்கும் காய் எடுப்பு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஒரு மாதம், ஒன்றரை மாதம். இடையிடையே களை, கவாத்து. மாசிக்குப் பிறகு மழை பிடிக்கிற வரைக்கும் தோட்டம் கிட்டத்தட்ட அடங்கிவிடும். இந்தப் பெண்ணிடம் போய் உனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டால் "இன்னைக்கா, நாளைக்கா?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்க முடியும். ஜீப்பில் இடம் கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தோட்டத்திலேயே தங்கிவிட்ட ஆட்கள் இருக்கிற இடத்தில் ஜீப்புக்கே சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் வருஷத்தில் முப்பது நாள் காய் எடுத்திருப்பார் அல்லவா? அவர் வேலையுள்ளவர். கணக்கு முடிந்தது.

சந்தை நிலவரத்தை வைத்தும் இவருடைய நிலையைக் கண்டுபிடிக்க முடியாது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கி மலைச்சரிவுகள் சரிந்தன, அடுத்த கோடையில் செடி வாடியது, காய் குறைந்தது. விளைவாக 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டது. பத்திரிகைகளில் ஏலக்காய் விவசாயிகள் மகிழ்ச்சி என்று தலைப்பு. காய் குறைந்தால் விலை ஏறும். காய் குறைந்தால் காய் எடுக்கும் நாளும் குறையும். தோட்டக்காரரின் நல்ல வருஷம் எடுப்பாளின் கெட்ட வருஷமாக இருக்கலாம் என்பதைச் சொல்ல எந்தத் தலைப்பும் வரவில்லை.

இங்கே நம் எழுத்துக்கும் சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழில் 'வேலையில்லாதவன்' என்ற சொல்லே ஓர் ஆணை, ஒரு பட்டதாரியை, கையில் சான்றிதழ் உறையோடு நிற்கும் ஒருவனை எழுப்பித் தருகிறது. வறுமையின் நிறம் சிவப்பு (1980) முதல் வேலையில்லா பட்டதாரி (2014) வரை ஆள் மாறவில்லை, மீசைதான் மாறியது. 'வேலையில்லாதவள்' என்று ஒரு பாத்திரத்தை நாம் கட்டமைக்கவே இல்லை. வேலை இல்லாத நாளில் அவள் வீட்டிலிருக்கும் பெண்ணாகிவிடுகிறாள். இந்த மலைச்சரிவையே களமாகக் கொண்ட லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலை (2018) இந்த விஷயத்தில் ஒரு விதிவிலக்கு என்பது என் கருத்து. ரங்கசாமி அதில் ஒரு நாள்கூட வேலையில்லாதவன் அல்ல. ஏலக்காய் மூட்டை சுமக்கிறான், ஒரு துண்டு நிலத்துக்காகக் கனவு காண்கிறான், வாங்குகிறான், இழக்கிறான். கடைசியில் தன்னுடையதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளி. இதைக் கணக்கெடுப்பு அதிகாரியிடம் கொடுத்தால் என்ன எழுதுவார்? தினக்கூலியாக இருந்தவர் மாதச் சம்பளக்காரர் ஆகிவிட்டார், வேலையின் தரம் உயர்ந்திருக்கிறது என்று எழுதுவார். அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்து அழுதவர்கள் இந்தப் புள்ளிவிவரத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

போடியின் தனிச் சிக்கல் இன்னும் பாக்கியிருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை போடப்பட்டபோது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. மலை அங்கே, அடிவாரம் இங்கே. எல்லை சரியா தவறா என்ற பழைய வழக்கை மறுபடி திறக்கிற உத்தேசம் எனக்கில்லை. அதன் விளைவை மட்டும் பார்ப்போம். தோட்டக் கூலிக்குச் சட்டம் போடுவது திருவனந்தபுரம். ரேஷன் அட்டை கொடுப்பது சென்னை. காய்க்கு விலை ஏறுவதும் இறங்குவதும் புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில், அதாவது டெல்லியின் கீழ். மலை ஏறும் பெண்ணுக்கு இந்த வருஷம் நாற்பது நாள் வேலை குறைந்தால் அவர் தண்டிக்க வேண்டிய பதவியாளர் யார்? அவருடைய வாக்கு எட்டுகிற தூரத்தில் வேலை இல்லை; வேலை இருக்கிற தூரத்தில் வாக்கு இல்லை. சிலருக்கு இரண்டு பக்கமும் பெயர் இருந்துவிடுகிறது. உடனே உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு தொகுதிகளில் 'இரட்டை வாக்கு' என்று கூச்சல் கிளம்பும். கள்ள வாக்கை நான் நியாயப்படுத்தவில்லை. வயிறு ஒரு மாநிலத்திலும் அடுப்பு இன்னொரு மாநிலத்திலும் இருப்பவர்களைப் பற்றி நம் அரசியல் பேசுகிற ஒரே சந்தர்ப்பம் இந்தக் குற்றச்சாட்டாக மட்டும் இருக்கிறதே என்பதுதான் என் கவலை.

இதனால்தான் இந்தப் பக்கத்தில் வேலைக் கோரிக்கை வேலை என்ற பெயரில் வருவதில்லை. சாலை என்ற பெயரில் வருகிறது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது இங்கே பல தேர்தல் பார்த்த கோரிக்கை. அந்தப் பாதை வந்தால் போடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம், ஜீப் வாடகையும் நேரமும் மிச்சம். வனத்துறையில் அது முட்டி நிற்கும், அடுத்த தேர்தலில் மறுபடி எழும். எம்.எல்.ஏ.வால் தோட்டத்தில் வேலை வாங்கித் தர முடியாது, வேலைக்குப் போகிற வழியைத்தான் கேட்க முடியும் என்று இந்த வாக்காளர்களுக்கு நம்மைவிடத் தெளிவாகத் தெரியும்.

சூத்திரத்தைச் சோதிக்க இந்த மலையே ஒருமுறை தானாக ஒரு பரிசோதனைச் சாலை ஆனது. 2021 ஏப்ரல் 6. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் ஒரே நாள் வாக்குப்பதிவு. முந்தைய ஆண்டு ஊரடங்கில் எல்லை மூடப்பட்டு, ஜீப்புகள் நின்று, பாஸ் இருந்தால்தான் மலையேறலாம் என்றிருந்த காலம் எல்லோர் நினைவிலும் பச்சையாக இருந்தது. ஏலக்காய் விலையும் 2019இன் உச்சியிலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. ஒரே மலை, ஒரே நோய், ஒரே சந்தை. அப்போதைய கணக்கெடுப்புகளில் கேரளத்தின் வேலையின்மை வீதம் 10 சதவீதத்தை ஒட்டி, தமிழகத்தினுடையது ஏறக்குறைய அதில் பாதி. எந்த அரசு தோற்றிருக்க வேண்டும்? கேரளத்தில் இடது முன்னணி மீண்டும் வந்தது; அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்காத சங்கதி. உடும்பன்சோலையில் எம்.எம். மணி 2016இல் 1,109 வாக்கில் தப்பியவர், 2021இல் 38,305 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தமிழகத்தில் அதிமுக ஆட்சி போனது. ஆனால் அதன் துணை முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் போடியில் மூன்றாம் முறையாக வென்றார். அவருடைய வித்தியாசம் மட்டும் 2011இல் 29,906, 2016இல் 15,608, 2021இல் 11,021 என்று தேய்ந்துகொண்டே வந்தது. தேய்ந்ததற்கு வேலையின்மைதான் காரணம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். 2021இல் எதிரே நின்ற தங்க தமிழ்ச்செல்வன் அதே கட்சியில் வளர்ந்து வெளியேறியவர், இந்த மாவட்டத்தை உள்ளங்கையாக அறிந்தவர். 2024இல் தேனி மக்களவைத் தொகுதியும் அவர் கைக்குத்தான் போனது.

கேரளத்தின் வீதம் ஏன் அவ்வளவு அதிகம் என்றால், படித்துவிட்டு ஏற்ற வேலை வரும்வரை காத்திருக்கிறவர்கள் அங்கே நிறைய. காத்திருக்க வீட்டில் சோறு வேண்டும். வேலையின்மை வீதம் என்பது பெருமளவுக்குக் காத்திருக்க வசதியுள்ளவர்களின் கணக்கு. போடி ஜீப் ஏறுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

அப்படியானால் இவர் எதை வைத்து ஒரு பதவியாளரை எடை போடுகிறார்? நாட்காட்டியைப் பாருங்கள். 1996 முதல் 2021 வரை தமிழக சட்டமன்றத் தேர்தல் ஒவ்வொன்றும் ஏப்ரலில் அல்லது மே மாதத்தில் நடந்திருக்கிறது. மலையில் வேலை அடங்கிக் கிடக்கும் மாதங்கள். (ஜெயலலிதா போடியில் நின்று வென்று எதிர்க்கட்சித் தலைவரான 1989 தேர்தல் மட்டும் ஜனவரியில், காய் எடுப்புக் காலத்தில், வந்தது.) சும்மா கிடக்கும் ஜீப்புக்குக் கூட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேலை வரும், ஏறுகிறவர்களுக்கு அன்றைய கூலி. தேர்தலே ஒரு பருவ வேலை. இந்த மாதங்களில் வேலை இல்லாதது எந்த ஆட்சியின் குற்றமும் இல்லை என்று தெரிந்தவர் கேட்பது வேறு: மலை அடங்கிய மாசங்களில் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது? 2011 ஜூனிலிருந்து வந்த விலையில்லா 20 கிலோ அரிசிக்கு, நூறு நாள் வேலை நடந்த காலத்தில் அந்த அட்டைக்கு, கேரளத்தில் 2020-21இல் ரேஷன் கடை வழியாக வந்த மளிகைத் தொகுப்புக்கு இங்கேதான் அர்த்தம். இதையும் உடனே இன்னொரு சூத்திரமாக ஆக்கிவிடக் கூடாது. 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாய் கொடுத்த அரசுதான் மே மாதம் வீட்டுக்குப் போனது. சோறு போட்டவரை மக்கள் மறப்பதில்லை, ஆனால் அதற்காக அடிமைச்சீட்டும் எழுதிக் கொடுப்பதில்லை.

இலவசத்துக்கு விலைபோகும் கூட்டம் என்று இவர்களைத் திட்டுகிற படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். முழு வேலைவாய்ப்பை முதலாளிகள் ஏன் விரும்புவதில்லை என்பதை கலெட்ஸ்கி 1943இலேயே விளக்கினார். வேலைநீக்கம் என்கிற சாட்டை கையை விட்டுப் போய்விடும், அதுதான் பயம். நம் கிராமத்தில் அந்தச் சாட்டையின் பிடியில் சாதி இருக்கிறது. 1989இல்தான் போடிப் பகுதியில் பெரிய சாதிக் கலவரமும் நடந்தது. அடிவாரத்து நிலக்காரரிடம் கைகட்டி நிற்காமல் பிழைக்க தலித் குடும்பங்களுக்கு மலைவேலை ஒரு வழியாக இருந்திருக்கிறது. ரேஷன் அரிசி இன்னொரு வழி. இரண்டும் இருக்கிற வீட்டில் கொடுத்த கூலியை வாங்கிக்கொள் என்று யாரும் அதட்டிவிட முடியாது. இலவசத்தின் மேல் இருக்கிற ஆத்திரத்தில் பாதி இந்த அதட்டல் எடுபடாமல் போன ஆத்திரம்.

போடிமெட்டிலிருந்து அதே சாலை பூப்பாறை வழியாக மூணாறுக்குப் போகிறது. அங்கே தேயிலையில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு வேலையும் வாக்கும் ஒரே மாநிலத்தில். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் அவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் கிட்டே சேர்க்கவில்லை. தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரன் வந்தபோது திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். அந்த நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களையும் பிடித்தார்கள். 2016 மே சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் ஜெயித்தது யார்? அதே ராஜேந்திரன். உணர்வு மழுங்கிவிட்டது என்று அப்போது சிலர் அங்கலாய்த்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கூலியை யாரிடம் கேட்பது, வாக்கை எதற்குப் போடுவது என்பதை அந்தப் பெண்கள் தனித்தனியாக வைத்திருந்தார்கள். கூலிக்கு அவர்கள் தேர்தல் வரை காத்திருக்கவில்லை. கம்பெனி இருந்த ஊரில், கம்பெனியின் லாரி போகிற சாலையில் உட்கார்ந்தார்கள். போடி ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு உட்கார அப்படி ஒரு சாலை இல்லை. அவர்கள் ஊர்ச் சாலையில் உட்கார்ந்தால் தோட்டக்காரருக்கு வலிக்காது. மலைச் சாலையில் உட்கார்ந்தால் அடுத்த மாநிலத்துப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி எல்லையில் இறக்கிவிடும், மறுநாள் வேலைக்கு வேறு ஆள் வரும்.